கணவருக்கு பினாங்கில் வேலை, மனைவிக்கு? டிபெண்டன்ட் பாஸில் இருப்பவர்கள் வேலைக்குப் போக முடியுமா?

சென்னையிலிருந்து பினாங்குக்கு இப்போது நேரடி விமானம் இருக்கிறது. 2024 டிசம்பரில் இண்டிகோ அந்தச் சேவையைத் தொடங்கியது. ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். இறங்கினால் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் தமிழ்ப் பாட்டு கேட்கும், வாழை இலைச் சாப்பாடு கிடைக்கும், 1833-இல் கட்டப்பட்ட மாரியம்மன் கோவில் இருக்கும். 'வெளிநாடு மாதிரியே இல்லை, நம்ம ஊர் மாதிரிதான் இருக்கு' என்று புதிதாக வருபவர்கள் சொல்வதில் வியப்பில்லை.

இப்படி ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். கணவருக்கு பாயான் லெப்பாஸில் உள்ள சிப் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைக்கிறது. மனைவி சென்னையில் ஏழு ஆண்டுகளாக மனிதவளப் பிரிவில் வேலை பார்ப்பவர். 'நீ வேலையை விட்டுட்டு வா, அங்க போய் பாத்துக்கலாம்' என்று முடிவாகிறது. வந்து சேர்ந்த பிறகு, தன் பாஸ் வேலை செய்ய அனுமதிக்காத பாஸ் என்பது அவருக்குத் தெரிய வருகிறது.

கற்பனைக் குடும்பம்தான். ஆனால், வெளிநாட்டு வேலைக்குச் செல்லும் பல வீடுகளில் நடப்பது இதுதான். துணைவர் வேலை செய்ய முடியுமா, எந்த வழியில் முடியும், எது சட்டவிரோதம் என்பதை இங்கே பார்க்கலாம்.

டிபெண்டன்ட் பாஸ் என்றால் என்ன?

மலேசியாவில் அலுவலக வேலை, பொறியியல், மேலாண்மை போன்ற பணிகளுக்கு வரும் வெளிநாட்டவருக்கு 'எம்ப்ளாய்மென்ட் பாஸ்' கொடுக்கப்படுகிறது. குடிநுழைவுத் துறையின் வெளிநாட்டுப் பணியாளர் சேவைப் பிரிவு இதைக் கையாள்கிறது. சுருக்கமாக இதை 'இஎஸ்டி' என்பார்கள்.

இந்தப் பாஸ் வைத்திருப்பவர் தன் கணவன் அல்லது மனைவியையும், பிள்ளைகளையும் அழைத்து வரலாம். அவர்களுக்குக் கிடைப்பதுதான் 'டிபெண்டன்ட் பாஸ்', அதாவது சார்ந்திருப்பவருக்கான அனுமதி.

இந்தப் பாஸில் நாட்டில் தங்கலாம், போய் வரலாம். ஆனால் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. வேலை செய்ய வேண்டுமென்றால், அதற்கான தனி அனுமதியைப் பெற வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எல்லா வெளிநாட்டுப் பணியாளருக்கும் குடும்பத்தை அழைத்து வரும் வாய்ப்பு இல்லை. உணவகம், கட்டுமானம், தோட்டம், தொழிற்சாலையின் அடிமட்டப் பணி போன்றவற்றுக்குத் தற்காலிக வேலை அனுமதியில் வருபவர்கள் மனைவி, பிள்ளைகளை அழைத்து வர முடியாது. பினாங்கில் தமிழ்நாட்டுச் சமையல்காரர் ஒருவர் ஊருக்குப் பணம் அனுப்பிக்கொண்டு தனியாக இருப்பதும், அதே ஊரின் பொறியாளர் குடும்பத்தோடு அடுக்குமாடி வீட்டில் இருப்பதும் இந்தப் பாஸ் வேறுபாட்டால்தான்.

ஏன் பினாங்கில் இந்தக் கேள்வி அதிகம் எழுகிறது?

காரணம், பினாங்கு வெளிநாட்டுத் திறமையை இழுக்கும் ஊர். பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தகத் தொழிற்பேட்டை 1972-இல் தொடங்கியது. இன்டெல், ஏஎம்டி, ஹியூலெட் பேக்கார்ட், பாஷ், ஹிட்டாச்சி உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் முதலில் வந்தன. அவற்றை இன்றும் 'எட்டு சாமுராய்' என்று அழைக்கிறார்கள். அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் கட்டிய முதல் தொழிற்சாலை பினாங்கில்தான்.

உலகின் சிப் பொதியாக்கம், சோதனைப் பணிகளில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. அதில் பினாங்கின் பங்கு பெரிது. 2021 டிசம்பரில் இன்டெல் 700 கோடி அமெரிக்க டாலர் முதலீட்டை மலேசியாவுக்கு அறிவித்தது. 2024 மே மாதம் வெளியான தேசிய செமிகண்டக்டர் உத்தி, 60,000 மலேசியப் பொறியாளர்களுக்குப் பயிற்சி தருவதை இலக்காக வைத்தது. ஆள் தேவை எவ்வளவு என்பதற்கு அந்த எண்ணே சாட்சி.

இப்படி வரும் பொறியாளர்களின் துணைவர்களில் பலர் படித்தவர்கள், வேலை பார்த்தவர்கள். ஆனால் விசா விண்ணப்பத்தில் அவர்களின் அடையாளம் 'சார்ந்திருப்பவர்' என்ற ஒரு சொல்தான்.

முன்பு இப்படி இல்லை. ரஜுலா போன்ற கப்பல்களில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குத் துறைமுகத்துக்கு வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் பெண்களும் கூலிக்கு ரப்பர் மரம் சீவினார்கள். ஆண்களைவிடக் குறைந்த கூலிதான், ஆனாலும் அவர்கள் பெயரும் கூலிப் பதிவேட்டில் இருந்தது. இன்று பட்டம் பெற்று விமானத்தில் வரும் பெண்ணின் பெயர் எந்தச் சம்பளப் பட்டியலிலும் இல்லாமல் போகலாம்.

வேலை செய்ய என்னென்ன வழிகள் உள்ளன?

முதல் வழி: சொந்தமாக எம்ப்ளாய்மென்ட் பாஸ் பெறுவது

ஒரு மலேசிய நிறுவனம் உங்களுக்கு வேலை கொடுக்க முன்வந்தால், அது உங்கள் பெயரில் விண்ணப்பிக்கலாம். அனுமதி கிடைத்தால் டிபெண்டன்ட் பாஸிலிருந்து எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு மாறுவீர்கள்.

சொல்ல எளிது. நடைமுறையில் மூன்று தடைகள் உண்டு.

ஒன்று, அந்த நிறுவனம் இஎஸ்டியில் பதிவு செய்திருக்க வேண்டும். அதற்குக் குறைந்தபட்ச செலுத்திய மூலதனம் தேவை. முழுக்க உள்ளூர் நிறுவனத்துக்கு 2,50,000 ரிங்கிட், முழுக்க வெளிநாட்டவருக்குச் சொந்தமானதற்கு 5,00,000 ரிங்கிட் என்பது இதுவரையிலான அளவுகோல். ஆகவே தெருமுனையில் உள்ள சிறிய நிறுவனம் விரும்பினாலும் உங்களை எடுக்க முடியாமல் போகலாம்.

இரண்டு, பொதுவாக நிறுவனங்கள் அந்த வேலையை முதலில் 'மைபியூச்சர்ஜாப்ஸ்' என்ற அரசுத் தளத்தில் உள்ளூர் மக்களுக்கு விளம்பரப்படுத்த வேண்டும். 2021 முதல் இந்த விதி உள்ளது. உயர் பதவி, அதிகச் சம்பளம் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு.

மூன்றாவது, எல்லாவற்றையும்விடப் பெரிய தடை: சம்பளம். எம்ப்ளாய்மென்ட் பாஸ் மூன்று பிரிவாக உள்ளது. நீண்ட காலம் முதல் பிரிவுக்கு மாதம் 10,000 ரிங்கிட், இரண்டாம் பிரிவுக்கு 5,000, மூன்றாம் பிரிவுக்கு 3,000 எனக் குறைந்தபட்சச் சம்பளம் இருந்தது. 2026 ஜூன் முதல் இவற்றை முறையே 20,000, 10,000, 5,000 என உயர்த்துவதாக அரசு அறிவித்தது.

இதைத் துணைவரின் பக்கத்திலிருந்து பாருங்கள். உள்ளூர் அலுவலகம் ஒன்று மாதம் 3,500 ரிங்கிட்டுக்குக் கணக்கர் வேலை தரத் தயாராக இருக்கிறது. உங்களுக்குச் சம்மதம், அவர்களுக்கும் சம்மதம். ஆனால் அந்தச் சம்பளத்துக்குப் பாஸ் கிடைக்காது. உங்கள் ஒருவருக்காக மட்டும் 1,500 ரிங்கிட் கூடுதலாகக் கொடுக்க அந்த அலுவலகம் ஒப்புக்கொள்ளுமா? பெரும்பாலும் ஒப்புக்கொள்ளாது. 'தகுதி இருந்தும் ஏன் கிடைக்கல' என்ற கேள்விக்குப் பல நேரம் பதில் இந்தக் கணக்குதான்.

இரண்டாவது வழி: ரெசிடன்ஸ் பாஸ் - டேலண்ட்

2011-இல் தொடங்கப்பட்ட டேலண்ட்கார்ப் என்ற அரசு அமைப்பின் திட்டம் இது. திறமையான வெளிநாட்டவர் 10 ஆண்டுகள் வரை தங்கி வேலை செய்யலாம். நிறுவனம் மாறினாலும் பாஸ் மாறாது. நமக்கு முக்கியமானது வேறு: இந்தப் பாஸ் பெற்றவரின் துணைவர், தனியாக எம்ப்ளாய்மென்ட் பாஸ் எடுக்காமலேயே வேலை தேடலாம், வேலை பார்க்கலாம்.

அப்படியென்றால் 3,500 ரிங்கிட் வேலைக்கும் போகலாம். சம்பள வரம்பு என்ற சுவர் இல்லை.

ஆனால் இது வந்தவுடன் கிடைப்பதில்லை. முதன்மை விண்ணப்பதாரர் மலேசியாவில் குறைந்தது 3 ஆண்டுகள் வேலை செய்திருக்க வேண்டும், 2 ஆண்டுகளுக்கு வருமான வரி கட்டியிருக்க வேண்டும், மொத்தம் 5 ஆண்டு அனுபவமும் மாதம் சுமார் 15,000 ரிங்கிட் சம்பளமும் வேண்டும் என்பவை வழக்கமான நிபந்தனைகள்.

கணவரின் சம்பளம் அந்த அளவை நெருங்குகிறது என்றால், வரிக் கணக்கை முதல் ஆண்டிலிருந்தே ஒழுங்காக வைத்திருப்பது மனைவியின் வேலைக்கான முதலீடும்கூட.

மூன்றாவது வழி: வீட்டிலிருந்தே வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை

'சென்னை கம்பெனிக்கே லேப்டாப்ல வேலை பாத்தா யாருக்குத் தெரியும்?' என்று சிலர் கேட்பார்கள். தெரியுமா என்பது கேள்வியே இல்லை. மலேசியாவில் உட்கார்ந்து செய்யும் வேலை, பாஸ் விதிக்கும் வருமான வரிக்கும் உட்பட்ட விஷயம். சம்பளம் இந்திய வங்கிக் கணக்கில் விழுகிறது என்பதால் மட்டும் அது விதிக்கு வெளியே போய்விடாது.

இதற்கென்றே 2022-இல் 'டிஇ ரந்தாவ்' என்ற நாடோடிப் பணியாளர் பாஸ் வந்தது. தகவல் தொழில்நுட்பத் துறையினருக்கு ஆண்டு வருமானம் 24,000 அமெரிக்க டாலருக்கு மேல் இருக்க வேண்டும். 2024-இல் பிற துறையினருக்கும் திறக்கப்பட்டது, அவர்களுக்கு வரம்பு 60,000 டாலர். 3 முதல் 12 மாதம் வரை கிடைக்கும், மேலும் 12 மாதம் நீட்டிக்கலாம்.

ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு பாஸில்தான் இருக்க முடியும். ஆகவே இது டிபெண்டன்ட் பாஸுக்கு மேல் கிடைக்கும் கூடுதல் சலுகை அல்ல, அதற்குப் பதிலான ஏற்பாடு. வருமானமும் வேலையும் நிலையாக உள்ள மென்பொருள் துறையினருக்கு இது பொருந்தலாம்.

சொந்தத் தொழில் செய்யலாமா?

தனிநபர் வணிகப் பதிவு மலேசியக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. வெளிநாட்டவர் 'செண்டிரியான் பெர்ஹாட்' நிறுவனத்தில் பங்கு வாங்கலாம். ஆனால் பங்குதாரராக இருப்பது வேறு, கடையில் உட்கார்ந்து வேலை செய்வது வேறு. இரண்டாவதற்கு வேலை அனுமதி வேண்டும்.

வாட்ஸ்அப் குழுவில் இட்லி மாவு விற்பது, வீட்டில் டியூஷன் எடுப்பது, பிளவுஸ் தைத்துக் கொடுப்பது எல்லாம் 'சும்மா சின்ன அளவுல' செய்வதாகத் தோன்றும். காசு வாங்கினால் அது வேலைதான். பாஸ் ரத்தாகும் ஆபத்து உண்டு. அது உங்களோடு முடியாமல் குடும்பத்தின் அடுத்த விண்ணப்பங்களையும் தொடலாம்.

உரிய பாஸ் இல்லாதவரை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கும் தண்டனை உண்டு. குடிநுழைவுச் சட்டத்தின் 55பி பிரிவின்படி, ஒரு நபருக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். 'பாஸெல்லாம் பிறகு பாத்துக்கலாம், நாளைக்கே வேலைக்கு வாங்க' என்று யாராவது சொன்னால், அந்த வேலை வேண்டாம்.

எந்தத் துறைகளில் வாய்ப்பு உண்டு?

பினாங்கில் துணைவர்களுக்கு ஓரளவு கதவு திறப்பது, உள்ளூரில் ஆள் எளிதில் கிடைக்காத, சம்பளம் அதிகமுள்ள துறைகளில்தான்.

பொறியியல்: சிப் வடிவமைப்பு, சோதனை, தரக் கட்டுப்பாடு, தரவு ஆய்வு. துணைவரும் பொறியாளர் என்றால் இதுவே நம்பிக்கை தரும் பாதை.

சர்வதேசப் பள்ளிகள்: 1955-இல் பினாங்குக் குன்றில் தொடங்கிய அப்லண்ட்ஸ், 1971-இல் பினாங்குக்கு இடம் மாறிய டாலாட் உள்ளிட்ட பல பள்ளிகள் உள்ளன. ஆசிரியர் பயிற்சிப் பட்டமும் அந்தப் பாடத்திட்டத்தில் அனுபவமும் உள்ளவர்களுக்கு வாய்ப்பு உண்டு.

பல்கலைக்கழகம்: 1969-இல் தொடங்கிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் குளுகோரில் இருக்கிறது. வேலை கிடைக்காத ஆண்டுகளை முதுகலை அல்லது முனைவர் பட்டமாக மாற்றலாம். அதற்கான பாஸ் விவரத்தைச் சேரும் முன் பல்கலைக்கழகத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டிய இடங்களும் உண்டு. பினாங்கில் 28 தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. 'நான் பிஎட் தமிழ், அங்க டீச்சர் வேலை கிடைக்காதா?' என்று கேட்பவர்கள் உண்டு. அரசுப் பள்ளி ஆசிரியர் பணி பொதுச் சேவைப் பணி, குடிமக்களுக்கானது. மருத்துவர், செவிலியர், வழக்கறிஞர் ஆகியோர் இந்தியப் பட்டத்தை வைத்து நேராகத் தொழில் செய்ய முடியாது. மலேசிய மருத்துவ மன்றம் போன்ற அமைப்புகளின் பதிவு வேண்டும்.

மலேசியரைத் திருமணம் செய்து வந்தவர்களுக்கு?

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ மலேசியக் குடிமகனைக் கல்யாணம் செய்து பினாங்கு வந்தவர்கள் டிபெண்டன்ட் பாஸில் வருவதில்லை. அவர்களுக்கு 'நீண்டகாலச் சமூக வருகை அனுமதி' கிடைக்கும். இந்த அனுமதியில் இருக்கும் துணைவர்கள், குடிநுழைவுத் துறையிடம் வேலைக்கான ஒப்புதலைப் பெற்று வேலை பார்க்கலாம்.

ஆகவே பக்கத்து வீட்டு மருமகள் வேலைக்குப் போகிறார் என்பதை வைத்து, நீங்களும் போகலாம் என்று முடிவு செய்ய வேண்டாம். இருவரும் ஒரே ஊர்க்காரர்களாக இருக்கலாம். பாஸ் வேறு, விதி வேறு.

மற்ற நாடுகளில் எப்படி?

சிங்கப்பூரில் முன்பு டிபெண்டன்ட் பாஸ் வைத்திருப்பவர்கள் ஒப்புதல் கடிதம் ஒன்றை மட்டும் பெற்று வேலை பார்க்க முடிந்தது. 2021 மே 1 முதல் பெரும்பாலானோர் தனி வேலைப் பாஸ் பெற வேண்டும் என்று விதி மாறியது. அமெரிக்காவில் எச்-1பி ஊழியர்களின் துணைவர்களில், கிரீன் கார்டு நடைமுறையில் குறிப்பிட்ட கட்டத்தை எட்டியவர்களுக்கு 2015 மே முதல் வேலை அனுமதி கிடைக்கிறது. பிரிட்டனில் திறன் பணியாளர் விசாவில் இருப்பவரோடு வரும் துணைவர், பெரும்பாலான வேலைகளைத் தனி விசா இல்லாமலேயே செய்யலாம்.

துணைவர்களுக்கு வேலை அனுமதி கேட்டு நிறுவனங்களே குரல் கொடுப்பதும் உண்டு. பன்னாட்டு நிறுவனங்கள் சேர்ந்து 2001-இல் நெதர்லாந்தில் தொடங்கிய பெர்மிட்ஸ் பவுண்டேஷன் அப்படி ஒன்று. துணைவரின் வேலை போனால் நல்ல ஊழியரே வர மறுக்கிறார் என்பது அவர்களின் வாதம். திறமையாளர்களை இழுக்க நினைக்கும் பினாங்குக்கும் அது பொருந்தும்.

மறு பக்கமும் இருக்கிறது. உள்ளூர் இளைஞர்களின் வேலையும் சம்பளமும் பாதிக்கப்படக் கூடாது என்பதுதான் இந்தக் கட்டுப்பாடுகளுக்குச் சொல்லப்படும் காரணம். பினாங்கில் பட்டம் முடித்து வேலை தேடும் மலேசியத் தமிழ் இளைஞர்களும் அதே 3,500 ரிங்கிட் வேலைக்குத்தான் விண்ணப்பிக்கிறார்கள்.

பாஸ் பறிபோனால் என்ன ஆகும்?

டிபெண்டன்ட் பாஸ் முழுக்க இன்னொருவரின் பாஸைச் சார்ந்தது. அவர் வேலை போனால், அவர் பாஸ் ரத்தானால், உங்களுடையதும் போகும். திருமணம் முறிந்தாலும் தங்கும் உரிமை கேள்விக்குள்ளாகும்.

சொந்த வருமானமும் இல்லை, தங்கும் உரிமையும் கையில் இல்லை என்ற நிலை, வீட்டுக்குள் வன்முறை இருந்தால் பெரும் ஆபத்து. ஆகவே பாஸ்போர்ட், திருமணச் சான்றிதழ், பாஸ் நகல் எல்லாம் உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, ஊர் திரும்ப டிக்கெட்டுக்கான பணம் இரண்டும் வேண்டும். பினாங்கில் 1985 முதல் இயங்கும் மகளிர் மாற்று மையம், வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கு ஆலோசனையும் உதவியும் தருகிறது. இந்தியர்கள் கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தையும் நாடலாம்.

கையெழுத்திடும் முன் என்ன கேட்க வேண்டும்?

ஆஃபர் லெட்டர் வந்து, கையெழுத்துப் போடுவதற்கு முன் இருக்கும் நாட்களில்தான் நிறுவனத்திடம் பேசும் பலம் உங்களுக்கு உண்டு. அப்போது இருவரும் சேர்ந்து இவற்றைக் கேளுங்கள்:

• எனக்கு எந்தப் பிரிவு எம்ப்ளாய்மென்ட் பாஸ்? எத்தனை ஆண்டு? குடும்பத்தை அழைத்து வர அனுமதி உண்டா?

• நிறுவனத்திலோ அதன் கூட்டு நிறுவனங்களிலோ துணைவரின் தகுதிக்கு ஏற்ற பணியிடம் உண்டா?

• தகுதி வந்ததும் ரெசிடன்ஸ் பாஸுக்கு விண்ணப்பிக்க நிறுவனம் ஆவண உதவி செய்யுமா?

• துணைவருக்கான படிப்பு, மொழிப் பயிற்சிச் செலவில் ஒரு பகுதியை நிறுவனம் ஏற்குமா?

• துணைவரின் இப்போதைய நிறுவனம் நீண்ட விடுப்பு தருமா? ராஜினாமா செய்தே ஆக வேண்டுமா?

கடைசிக் கேள்வி பலருக்குத் தோன்றுவதே இல்லை. ஆறு மாதமோ ஒரு வருடமோ சம்பளமில்லா விடுப்பு கிடைத்தால், பினாங்கில் நிலைமையைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

பட்டச் சான்றிதழ், அனுபவக் கடிதம், திருமணச் சான்றிதழ் ஆகியவற்றின் சான்றொப்பத்தை ஊரிலேயே முடித்துவிடுங்கள். வந்த பிறகு மலாய் படிக்கத் தொடங்குங்கள். அலுவலகத்தில் ஆங்கிலம் போதும், ஆனால் பள்ளி, மருத்துவமனை, அரசு அலுவலகம் என எல்லா இடத்திலும் மலாய் கைகொடுக்கும்.

வேலை கிடைத்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். 2025 அக்டோபர் முதல் வெளிநாட்டு ஊழியர்களுக்கும் இபிஎஃப் சேமிப்பு கட்டாயம். ஊழியர் 2 விழுக்காடு, முதலாளி 2 விழுக்காடு செலுத்த வேண்டும். உங்கள் சம்பளச் சீட்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

விதிகளும் சம்பள வரம்புகளும் அடிக்கடி மாறுகின்றன. இஎஸ்டி, டேலண்ட்கார்ப் இணையத்தளங்களில் அன்றைய நிலையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஏஜென்ட் வாய்மொழியாகச் சொல்வதை எழுத்தில் கேளுங்கள்.

இரண்டு பேரின் வேலையைப் பற்றிய முடிவு இது. ஒருவரின் சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், மற்றவரின் ஏழு ஆண்டு அனுபவம் அந்தக் கணக்கில் வராமலே போய்விடும். 'அங்க போய் பாத்துக்கலாம்' என்பதற்கு முன், இங்கேயே உட்கார்ந்து ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.